அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மாறும் ‘இல்லை’: புதிதாகக் குடியேறுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மினியாப்பொலிஸில் ஏழு ஆண்டுகள், நியூ ஜெர்சியில் ஆறு, அட்லாண்டாவில் நான்கு, இப்போது சியாட்டிலுக்குப் பக்கத்தில். கணவரின் வேலையும் என் வேலையும் எங்களை இப்படி இழுத்துக்கொண்டு வந்திருக்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் முதல் ஆண்டு எனக்கு அழுகையாகவே போனது. மொழி தெரியாததால் அல்ல. மொழி தெரிந்தும் மனிதர்கள் என்ன சொல்கிறார்கள் என்று புரியாததால். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரும், தனியாக வந்திருக்கும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

‘பாஸிவ் அக்ரெஸிவ்’ என்று அடிக்கடி காதில் விழுகிறது. அதற்குத் தமிழில் என்ன?

ஒற்றைச் சொல் கிடையாது. ஆனால் விஷயம் நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. மாமியார்மீது கோபம், மருமகள் வாயே திறப்பதில்லை, பாத்திரங்கள் மட்டும் ‘டங்’கென்று மேடையில் விழுகின்றன. ‘சில பேருக்கு எவ்வளவு செய்தாலும் போதாது’ என்று சுவரைப் பார்த்துச் சொல்வது சாடை. இரண்டு நாள் பேசாமல் இருப்பது ஊமைக் கோபம். சரி என்று தலையாட்டிவிட்டு, சொன்ன வேலையை வேண்டுமென்றே இழுத்தடிப்பதும் இதே குடும்பம்தான். இவை அனைத்தையும் சேர்த்து இங்கே ‘மறைமுகக் கோபம்’ என்று குறிப்பிடுகிறேன்.

அந்த ஆங்கிலப் பெயர் எங்கே பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பல முடிச்சுகள் அவிழும். 1945இல், இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டில், அமெரிக்க ராணுவத்தின் மனநல மருத்துவர் கர்னல் வில்லியம் மெனிங்கர் அதை எழுதி வைத்தார். மேலதிகாரியின் கட்டளையை மறுக்க முடியாத சிப்பாய்கள் முகத்தைச் சுளித்தார்கள், மந்தமாக வேலை செய்தார்கள், பிடிவாதம் பிடித்தார்கள், காரியத்தைக் கெடுத்தார்கள். 1952இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் முதல் நோய்க் கையேட்டில் இது ஆளுமைக் கோளாறுகளில் ஒன்றாக இடம்பெற்றது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டது. அது நோயா, இல்லை இக்கட்டில் மாட்டிக்கொண்ட மனிதரின் இயல்பான செயலா என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே இருந்தது.

‘இல்லை’ என்று சொல்ல உரிமை இல்லாதவரின் ‘இல்லை’ வேறு வழியில் வெளியே வருகிறது. இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது அதைத்தான். கோபம் எல்லா ஊரிலும் உண்டு. அது எந்த வாசல் வழியாக வெளியேறலாம் என்பதை ஊர் முடிவு செய்கிறது.

ஒரே நாடு, ஒரே மொழி. ஊருக்கு ஊர் உண்மையிலேயே வேறுபடுகிறதா, அல்லது வெறும் பேச்சா?

வேறுபடுகிறது. உளவியலாளர் ஜேசன் ரென்ட்ஃப்ரோவும் அவருடைய சகாக்களும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் நிரப்பிய ஆளுமை வினாத்தாள்களை மாநில வாரியாகப் பிரித்து 2008இல் வெளியிட்டார்கள். இணக்க குணத்தில் வடக்கு டகோட்டாவும் மினசோட்டாவும் உச்சியில் இருந்தன; நியூ யார்க் அடிப்பக்கத்தில். பிறரோடு கலகலப்பாகப் பழகும் குணத்தில், சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் கடைசிச் சில இடங்களில் ஒன்றைப் பிடித்தது. 2013இல் அதே குழு நாட்டை மூன்று பெரும் பகுதிகளாகப் பிரித்தது: நட்பும் மரபும் மிகுந்த நடுப்பகுதியும் தெற்கும், நிதானமும் புதுமை நாட்டமும் கொண்ட மேற்கு, உணர்ச்சியை அடக்கி வைக்காத வடகிழக்கு.

இவை சராசரிகள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சராசரி அல்ல, அவர் ஒரு மனிதர். ஊர் வழக்கத்தை அறிந்துகொள்வது அவரைப் புரிந்துகொள்ள முதல் படி மட்டுமே. அவரைப் பற்றி முன்கூட்டியே தீர்ப்பு எழுத அதைப் பயன்படுத்தாதீர்கள்.

‘மினசோட்டா நைஸ்’ என்பது பாராட்டா, குற்றச்சாட்டா?

மினியாப்பொலிஸ் இருக்கும் மினசோட்டா மாநிலத்தாரின் இனிய பழக்கத்துக்கு வைத்த பெயர் அது. பாராட்டு, குற்றச்சாட்டு இரண்டும்தான், இரண்டும் உண்மைதான்.

பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி குளிரில் உங்கள் கார் பனியில் புதைந்து நின்றால், முன்பின் தெரியாதவர் தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்து தள்ளுவார். பெயர்கூடச் சொல்லாமல் போய்விடுவார். எனக்கு மூன்று முறை இப்படி நடந்திருக்கிறது. அதே ஊரில் ஏழு ஆண்டுகள் அடுத்த வாசலில் குடியிருந்தவர்களின் கூடத்தை நான் பார்த்ததே இல்லை. ‘மினசோட்டாக்காரரிடம் வழி கேட்டால் எந்த இடத்துக்கும் சொல்வார், தன் வீட்டைத் தவிர’ என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

அங்கே எனக்குக் கிடைத்த முதல் பாடம் சலவை அறையில். எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு துவைக்கும் இயந்திரங்கள், இரண்டு உலர்த்திகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலர்த்தியில் போட்ட துணியை எடுக்க இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். துணிகள் அனைத்தும் மூலைக்கு மூலை சேர்த்து அழகாக மடித்து மேலே வைக்கப்பட்டிருந்தன. அதன்மேல் மஞ்சள் சீட்டு: ‘யாரோ துணியை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது! நாள் இனிதாக அமையட்டும்!’ பக்கத்தில் சிரிக்கும் முகம். எவ்வளவு நல்ல மனிதர் என்று நெகிழ்ந்து, அதே சீட்டின் அடியில் நன்றி எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

அது கண்டிப்பு என்று பல மாதங்கள் கழித்து அங்கேயே பிறந்து வளர்ந்த தோழி ஒருத்தி விளக்கினாள். துணியை எடுத்து வெளியே போட்டிருந்தால் அது சண்டை. மடித்து வைத்தது, ‘உன்னால் எனக்கு எவ்வளவு நேரம் வீண் பார்’ என்று காட்டுவதற்காக. சிரிக்கும் முகம் கோபத்துக்குப் போட்ட மூடி. அந்த ‘யாரோ’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஊர்ச் சாடையில் வரும் ‘சில பேர்’ அதேதான். ஆளைக் குறிப்பிடாமல் ஆளுக்குப் போய்ச் சேரும் சொல்.

இதற்கு வேர் என்ன? 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நார்வே, ஸ்வீடன் நாடுகளிலிருந்து குடியானவர்கள் பெருந்திரளாக வந்து அங்கே குடியேறினார்கள். லுத்தரன் என்ற கிறித்தவப் பிரிவின் திருச்சபையும் அடக்கத்தைப் போற்றும் வளர்ப்பும் அவர்களோடு வந்தன. ‘நீ ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்ளாதே’ என்ற அந்த ஸ்காண்டிநேவிய மனப்பாங்குக்கு 1933இல் அக்செல் சாண்டமோஸா என்ற எழுத்தாளர் தம் நாவலில் ‘யான்டே சட்டம்’ என்று பெயர் வைத்தார். கற்பனையான சிற்றூர் ஒன்றின் பெயர் அது. தன்னை முன்னிறுத்துவது குற்றமாகத் தெரியும் இடத்தில், ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்பதும் தன்னை முன்னிறுத்துவதாகிவிடுகிறது. இதோடு குளிர்காலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். ஐந்து மாதம் பனி மூடும் ஊரில் பக்கத்துப் பண்ணைக்காரரோடு முறைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. கோபத்தை விழுங்கத்தான் வேண்டும்.

அங்கே ‘இல்லை’ என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

அலுவலகத்தில் நான் முன்வைத்த ஒரு திட்டத்தை மூத்தவர் ஒருவர் ‘இன்ட்ரஸ்டிங்’ என்றார். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார். மூன்றாவது முறையும். நான் இரவு பகலாக உட்கார்ந்து அதை முடித்தேன். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஊரில் ‘இன்ட்ரஸ்டிங்’, ‘அது வித்தியாசமாக இருக்கிறது’ இரண்டும் பெரும்பாலும் மறுப்பு. அவர் மூன்று முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் கேட்கவில்லை. பிடித்திருந்தால் ‘எப்போது தொடங்கலாம்?’ என்ற கேள்வி வரும். தேதி பேசப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

உபசாரம் நமக்கு எளிது. காபி வேண்டுமா என்றால் முதல் முறை ‘வேண்டாம், பரவாயில்லை’. இரண்டாம் முறை ‘உங்களுக்கு எதற்குச் சிரமம்’. மூன்றாம் முறை ‘எப்படியும் போடுகிறீர்கள் என்றால் சரி’. தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டை யாரும் முழுதாக எடுக்க மாட்டார்கள். ஒருவர் பாதி வெட்டுவார், அடுத்தவர் அதில் பாதி. விடைபெறுவதும் மேசையில் ஒரு முறை, கதவருகே ஒரு முறை, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை. இதெல்லாம் நம் அத்தை, சித்தி வீடுகளில் நடப்பதுதானே?

சியாட்டிலில் எல்லோரும் சிரிக்கிறார்கள், ஒருவரும் நண்பராவதில்லை. என்னிடம் ஏதாவது குறையா?

இல்லை. இதை முதலில் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒரு மாணவி, எட்டு மாதமாக அறையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தன் உச்சரிப்பு, தன் உடை, தன் டிபன் பாக்ஸின் வாசனை என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சுமத்திக்கொண்டிருந்தாள். சிகாகோவிலிருந்தும் டெக்சஸிலிருந்தும் வந்த வெள்ளைக்காரர்களும் இதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள் என்று தெரிந்தபோது அவள் முகம் தெளிந்தது.

இதற்கு ‘சியாட்டில் ஃப்ரீஸ்’, அதாவது சியாட்டில் உறைவு, என்ற பெயர் ஊரெங்கும் பரவியது 2005இல், சியாட்டில் டைம்ஸ் நாளிதழின் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை ஒன்றினால். ‘ஒரு நாள் காபி குடிக்கலாம்’ என்பார்கள். அந்த நாள் வராது. அது பொய் வாக்குறுதி அல்ல, ‘உன்மீது எனக்கு விரோதம் இல்லை’ என்பதன் அவ்வூர் வடிவம். நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில் இரண்டு கார்கள் நின்றுகொண்டு, ‘நீங்கள் போங்கள்’, ‘இல்லை, நீங்கள் போங்கள்’ என்று கைகாட்டிக்கொண்டே இருப்பதை வந்த முதல் வாரத்திலேயே பார்ப்பீர்கள். யாரையும் இடறிவிடக்கூடாது என்ற அக்கறைதான் அது. அதே அக்கறை நட்புக்கும் குறுக்கே நிற்கிறது.

இங்கே நட்பு ஒரு வேலையைச் சேர்ந்து செய்வதால் உண்டாகிறது. மலையேற்றக் குழு, நூலகத் தன்னார்வப் பணி, பொதுத் தோட்டம் என்று ஏதோ ஒன்றில் ஒவ்வொரு வாரமும் அதே மனிதர்களோடு இருங்கள். அழைப்பதென்றால் தேதி, நேரம், இடம் மூன்றும் சொல்லி நீங்களே அழையுங்கள். ‘வியாழக்கிழமை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் இட்லி’ என்று அழைத்தபோது ஐந்து பேரில் நால்வர் வந்தார்கள். ஒருவர் சொன்னார், அந்தத் தெருவுக்கு வந்து பதினோரு ஆண்டுகளில் அக்கம்பக்கத்து வீடு ஒன்றுக்குள் கால் வைப்பது அதுவே முதல் முறை என்று.

தெற்கு மாநிலங்களில் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்களே, அது நிஜமா?

நிஜம். அட்லாண்டாவில் கடைக்காரர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை ‘மேம்’, ‘சர்’ இல்லாமல் பேச்சு ஓடாது. வரிசையில் நிற்கும்போதே உங்கள் குடும்பக் கதையைக் கேட்டுவிடுவார்கள். நம் ஆட்களுக்கு முதலில் பிடித்துப்போகும் பகுதி இதுதான்.

ஆனால் அந்த மரியாதையின் அடியில் என்ன இருக்கிறது என்பதை ஓர் ஆய்வு வெளிச்சம் போட்டுக் காட்டியது. 1996இல் டோவ் கோஹன், ரிச்சர்ட் நிஸ்பெட் குழுவினர் அதை வெளியிட்டார்கள். சோதனை நடந்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். ஒரு குறுகலான நடை. மாணவர் அதன் வழியே போக வேண்டும். ஆய்வாளரின் ஆள் கோப்பு அலமாரியைப் படாரென்று மூடிவிட்டு, தோளால் இடித்து, ஒரு கெட்ட வார்த்தையை முணுமுணுத்துவிட்டுப் போகிறார். வடக்கிலிருந்து வந்த மாணவர்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தவில்லை. தெற்கத்தி மாணவர்களுக்குப் பதற்றத்தைக் காட்டும் கார்ட்டிசோலும், மோதலுக்கு ஆயத்தமாவதைக் காட்டும் டெஸ்டோஸ்டிரோனும் உமிழ்நீரில் ஏறியிருந்தன.

அதன் அடுத்த கட்டம்தான் என் மனத்தை விட்டு அகலாதது. அதே நடையில் ஆறடிக்கும் மேல் உயரமான ஆஜானுபாகு ஒருவர் நேரெதிராக வருகிறார்; இருவரில் ஒருவர் ஒதுங்கியாக வேண்டும். அவமதிக்கப்படாத தெற்கத்தியர் ஏறத்தாழ ஒன்பது அடி தூரத்திலேயே ஒதுங்கி வழிவிட்டார்கள். வடக்கத்தியரைவிட முன்னதாகவே! அவமதிக்கப்பட்ட தெற்கத்தியரோ மூன்றடி நெருங்கும் வரை ஒதுங்கவில்லை. ஆக, அதிக மரியாதை காட்டுபவரும் அவரே, அதிகம் சீறுபவரும் அவரே. 1999இல் கோஹனும் சகாக்களும் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சிறுசிறு சீண்டல்களைத் தெற்கத்தியர் வெகுநேரம் பொறுத்துக்கொண்டு, பிறகு திடீரென்று வெடித்தார்கள். வடக்கத்தியர் தொடக்கத்திலேயே எரிச்சலைக் காட்டினார்கள், அதோடு விட்டது.

இதை மேய்ச்சல் சமூகத்தின் மரபு என்று நிஸ்பெட்டும் கோஹனும் விளக்கினார்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பகுதிகளிலிருந்து வந்த மேய்ப்பர்கள் ஒரே இரவில் மந்தை முழுவதையும் களவு கொடுக்கக்கூடியவர்கள்; ‘இவனிடம் வாலாட்ட முடியாது’ என்ற பெயர்தான் அவர்களுக்குக் காவல். சிறிய அவமதிப்பு பெரிய சண்டையாகும் இடத்தில் எல்லோரும் கவனமாக, மரியாதையாகப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். இந்த விளக்கத்தை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அது பொருந்துவதாகவே படுகிறது. நம் ஊர்ப்பக்கம் மரியாதைச் சொல் ஒன்று தவறியதற்காகத் தலைமுறைப் பகை மூண்ட குடும்பங்களை நான் அறிவேன்.

‘பிளஸ் யுவர் ஹார்ட்’ வாழ்த்தா, திட்டா?

‘உன் உள்ளத்துக்கு ஆசி’ என்ற பொருளில் தெற்கத்தியர் அடிக்கடி சொல்வது அது. உங்கள் தாயார் மருத்துவமனையில் இருக்கிறார் என்று கேட்டுச் சொன்னால் வாழ்த்து. நீங்கள் தவறாக ஏதோ சொன்ன பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னால் ‘ஐயோ பாவம், விவரம் தெரியாத ஜென்மம்’. நம் ‘நல்லா இரு’ என்பதும் சொல்லும் குரலைப் பொறுத்து ஆசீர்வாதமாகவோ சாபமாகவோ மாறுவதில்லையா? குரலைக் கேளுங்கள்.

நியூ யார்க், நியூ ஜெர்சிக்காரர்கள் ஏன் இப்படி முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறார்கள்?

நியூ ஜெர்சியில் குடியேறிய இரண்டாம் நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அம்மாள். வணக்கம் இல்லை, வரவேற்பு இல்லை. ‘குப்பைத் தொட்டியை அங்கே வைக்காதே, என் கார் வெளியே வர முடியவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் எடுப்பார்கள்.’ ஏழு ஆண்டு மினசோட்டாவில் பழகிய எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று மாலை அதே அம்மாள் சுடச்சுட ஒரு தட்டு லசான்யாவோடு வந்து நின்றார். காலையில் நடந்தது அவர் மனத்திலேயே இல்லை. சொல்லிவிட்டார், முடிந்துவிட்டது. என் மகள் பிறந்தபோது என்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் அவர்தான்.

மொழியியலாளர் டெபோரா டானன் 1978இல், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து ஒன்றில் நடந்த உரையாடல் முழுவதையும் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். மேசையைச் சுற்றி ஆறு பேர்: அவரையும் சேர்த்து நியூ யார்க்கில் வளர்ந்த மூவர், கலிபோர்னியர் இருவர், இங்கிலாந்துக்காரர் ஒருவர். நியூ யார்க்காரர்கள் ஒருவர் பேசும்போதே மற்றவர் குறுக்கே பேசினார்கள், கேள்விகளை அடுக்கினார்கள், குரலை உயர்த்தினார்கள். அவர்களைப் பொறுத்தவரை ‘உன் பேச்சில் முழுதாக ஈடுபட்டிருக்கிறேன்’ என்பதன் அடையாளம் அது. மற்றவர்களுக்கோ வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை. இடைவெளி வரட்டும் என்று காத்திருந்தார்கள்; இடைவெளி வரவே இல்லை. இரு தரப்பிலும் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது.

நம் கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நியூ யார்க் பேச்சு எட்டாத தூரத்தில் இல்லை.

நேருக்கு நேர் பேசுகிறவர்கள்தானே நேர்மையானவர்கள்? சிரித்துக்கொண்டே மறைப்பது கபடம் இல்லையா?

நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைப்பதில்லை. ஒரு குறிப்பின் பொருள் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றால், அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? மஞ்சள் சீட்டைப் படித்த எந்த மினசோட்டாக்காரரும் அடுத்த முறை நேரத்துக்கு வந்திருப்பார். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவது வேறு. உள்ளே இருப்பதையே மெல்லிய துணியில் சுற்றித் தருவது வேறு.

ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குறிப்பு புரியாதவர் என்று தெரிந்தும் அவரிடம் குறிப்பாலேயே பேசி, புரியவில்லை என்பதற்காக அவரைத் தண்டிப்பது அநியாயம். புதிதாக வந்தவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது அந்த ஊர்க்காரரின் கடமை. அதேபோல், ‘நான் வெளிப்படையானவன்’ என்று சொல்லிக்கொண்டு மேலாளர் கீழே இருப்பவரைக் கூட்டத்தில் வைத்துக் கிழிப்பது நேர்மை ஆகாது. பதில் சொல்ல முடியாதவரிடம் காட்டும் வெளிப்படைக்கு வேறு பெயர்.

நாம் எந்தப் பக்கம்?

மனிதர்கள் பேசும் விதத்தை ஆராயும் துறையில் உலகம் முழுவதும் படிக்கப்படும் ஆய்வு ஒன்று உண்டு: பெனலப்பி பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் இருவரும் 1978இல் வெளியிட்டு, 1987இல் தனி நூலாக வந்த பணிவுக் கோட்பாடு. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்ஸிகோவின் செல்டால், நம் தமிழ். லெவின்சனின் தமிழ்ச் சான்றுகள் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எடுத்தவை. சாடையாகப் பேசினால் ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்று பின்வாங்க இடம் இருக்கிறது, கேட்பவருக்கும் கேட்காததுபோல் இருக்க இடம் இருக்கிறது. இரு பக்கமும் முகம் கெடுவதில்லை என்று அவர்கள் காட்டினார்கள். அந்தக் கோட்பாட்டின் அஸ்திவாரத்தில் கொங்கு நாட்டுப் பேச்சும் இருக்கிறது.

ஆகவே ‘நாம் வெளிப்படையானவர்கள்’ என்றோ ‘நாம் பூடகமானவர்கள்’ என்றோ ஒரே வரியில் சொல்ல முடியாது. ‘என்ன, இளைத்துவிட்டாய்?’, ‘சம்பளம் எவ்வளவு?’ என்று நாம் நேராகக் கேட்பது எந்த அமெரிக்கரையும் திடுக்கிட வைக்கும். அதே நாம், பெண் பார்க்க வந்துவிட்டு ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்று சொல்லிப் போகிறோம். அந்தக் கடிதம் வராது என்பது இரு வீட்டாருக்கும் தெரியும்.

‘இந்தியர்கள் எல்லாவற்றுக்கும் சரி என்கிறார்கள், பிறகு செய்வதில்லை’ என்று என் மேலாளர் குறைப்படுகிறார். என்ன பதில் சொல்வது?

மெனிங்கரின் சிப்பாய்களை மறந்துவிடாதீர்கள். எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவரின் வேலை போனால், வேறு வேலையோ வேறு வழியோ தேட அவருக்கு 60 நாள் அவகாசம். பிள்ளைகளின் பள்ளி, வீட்டு வாடகை, ஊரில் கட்டும் கடன் எல்லாம் அந்த 60 நாளில் தொங்குகின்றன. அப்படிப்பட்டவரிடம் ‘வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?’ என்று கேட்டால், முடியாது என்று எந்த நாக்கு சொல்லும்? ‘முயற்சி செய்கிறேன்’ என்பார். அவரைப் பொறுத்தவரை அது ‘முடியாது’. மேலாளர் காதில் விழுவது ‘முடியும்’. இது நம் இனத்தின் குணக்கேடு அல்ல. மேலாளரிடம் அதைத் தாழ்வுமனம் இல்லாமல் விளக்கலாம். நான் என் மேலாளரிடம் விளக்கியிருக்கிறேன், அவர் கேட்டுக்கொண்டார்.

நடைமுறையில் உதவிய ஒரு வழி: ‘முடியாது’ என்பதற்குப் பதில் கணக்கைச் சொல்லுங்கள். ‘இந்த மூன்றில் இரண்டு வெள்ளிக்குள் முடியும். எந்த இரண்டு வேண்டும்?’ மறுப்பும் ஆகிவிட்டது, மரியாதையும் கெடவில்லை. நான்கு ஊரிலும் இது எடுபட்டது.

மின்னஞ்சலில் ‘நான் முன்பே குறிப்பிட்டதுபோல’ என்று தொடங்கும் வரி எல்லா ஊரிலும் குத்தல்தான். உங்களுக்கு வந்தால், பழைய மடலைத் தேடிப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். நீங்கள் அப்படி ஒரு வரி எழுத வேண்டாம்.

ஊர் வழக்கம் என்று பொறுத்துக்கொண்டே போனால், பாகுபாட்டையும் பொறுத்துக்கொள்வதாகிவிடாதா?

ஆகிவிடும். அதனால் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். எல்லோரிடமும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்றால் ஊர் வழக்கம். உங்களிடமும் உங்களைப் போன்றவர்களிடமும் மட்டும் என்றால் வேறு. சம்பளம், பதவி உயர்வு, வேலை நீக்கம், வாடகை வீடு இவற்றில் கை வைத்தால், எவ்வளவு இனிமையாகச் சிரித்தாலும் அது வழக்கம் அல்ல, சட்ட மீறல்.

15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு காரணமான பாகுபாட்டை 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் தடை செய்கிறது. கூட்டரசின் சமவேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். மாநில அளவில் அதற்கான அமைப்பு உள்ள இடங்களில் 300 நாள் வரை. வீட்டுப் பாகுபாட்டுக்கு 1968ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கூட்டரசின் வீட்டுவசதித் துறையிடம் ஓராண்டுக்குள் புகார் தரலாம். யார், எப்போது, என்ன சொன்னார் என்பதை அன்றன்றே எழுதி வையுங்கள். இன்முகத்தோடு செய்யப்படும் அநீதியை நினைவிலிருந்து நிரூபிப்பது மிகக் கடினம்.

வேற்றூரில் வளரும் பிள்ளைகள் நம்மிடமும் அந்த ஊர் மாதிரியே பேசுகிறார்கள். திருத்த வேண்டுமா?

திருத்த வேண்டாம்; பெயர் சொல்லிக் காட்டுங்கள் போதும். ‘இது நியூ ஜெர்சிப் பேச்சு, பாட்டியிடம் வேறு பேச்சு’ என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது. எந்த இடத்தில் எப்படிப் பேசுவது என்பதை நம்மைவிட விரைவாக அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

போன கோடையில் என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். மகளுடன் படிக்கும் இரண்டு பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் குடும்பம் நியூ யார்க்கிலிருந்து வந்தது, இன்னொருவன் குடும்பம் மினசோட்டாவிலிருந்து. அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். முதல் பையன் கேட்டவுடன் தட்டை நீட்டினான், சாப்பிட்டான், ‘இன்னொன்று கிடைக்குமா?’ என்றான். மற்றவன் வேண்டாம் என்றான். அம்மா மறுபடி கேட்டார். உங்களுக்குச் சிரமம் என்றான். மூன்றாம் முறை அம்மா கேட்கவே இல்லை, தட்டில் போட்டுவிட்டார். அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து நான்கு தோசை சாப்பிட்டான்.

இருவரும் போன பிறகு அம்மா என்னிடம் கேட்டார்: ‘இரண்டாவது பையன் நம் ஊர்ப் பக்கமா?’